பின்கட்டுக்குப் போகும் ஒயர்

சேசு மரி சூசை
சாந்தோம், சென்னை
12 மே 1946

அன்புள்ள தம்பி ஆம்ப்ரோசுக்கு,

அக்கா மர்சலின் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். கோலார் தங்கவயலில் நீயும் தேவானையும் சுகமா? உன் இருமல் நின்றதா? சுரங்கத்திலிருந்து வேர்வையோடு மேலே வந்து அப்படியே காற்றில் நிற்காதே என்று எத்தனை தரம் எழுதுவது?

நம் ஐரின் மறுபடி முழுகாமல் இருக்கிறாள். ஆகஸ்ட் மாதம் என்று ஹாஜிரா பீ சொல்கிறாள். நம் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள்தானே. ஐரினின் முதல் குழந்தை முன்னறையில் பிறந்து அன்றே போனது உனக்குத் தெரியும். மண்ணெண்ணெய் விளக்கு வற்றி அணைந்தது. கொஞ்ச நேரத்தில் குழந்தையும் அடங்கிவிட்டது. அதிலிருந்து அந்த அறைக்குள் கால் வைக்கமாட்டேன் என்கிறாள். மாப்பிள்ளை ராஜநாயகம் பம்பாயில் கப்பல் வேலையில் இருக்கிறார். அதனால் உன் மாமா பின்கட்டில் மகளுக்காக இரண்டு அறை எழுப்பியிருக்கிறார்.

அங்கே கரண்டு இழுக்க வேண்டும். முன்வீட்டு மெயின் போர்டிலிருந்து முற்றம் தாண்டி ஒரு லைன், பின்கட்டில் தனியாக ஒரு சின்ன போர்டு. சீமைக்குத் திரும்பிப் போகிற வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்றிடமிருந்து இரண்டு தட்டு வைத்த மின்சார அடுப்பும் வாங்கி வைத்திருக்கிறார், பிள்ளைத்தாச்சிக்கு வெந்நீர் போட. அந்த லைனுக்கு எந்த ஒயர் போடலாம்?

நீ ரிஜிஸ்தர் ஆபீசில் தேவானையைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து உன் பெயரை எடுத்தால் மாமா தட்டை விட்டு எழுந்துவிடுகிறார். பதிலை அடுத்த வீட்டு ஃப்ளோரன்ஸ் டீச்சர் விலாசத்துக்குப் போடு. உனக்காக ஜெபிக்கிறேன்.

உன் அக்கா
மர்சலின்


கோலார் தங்கவயல்
16 மே 1946

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் தோத்திரம். நாங்கள் சுகம். இருமல் என்னை விட்டுப் போவதாக இல்லை. என்னிடம் அதற்கு அவ்வளவு பாசம். ஐரின் விஷயம் கேட்டு தேவானை கோயிலுக்கு வேண்டிக்கொண்டாள். மாமாவிடம் சொல்லாதே, குழந்தைக்குத் தீட்டு என்பார்.

ஒயர் விஷயத்துக்கு வருகிறேன். ஒயரும் மாப்பிள்ளை மாதிரிதான், சட்டையைப் பார்த்து முடிவு பண்ணக்கூடாது. மேலே ரப்பரும் துணியும் எவ்வளவு தடிமன் என்பது முக்கியமில்லை. உள்ளே எவ்வளவு செம்பு இருக்கிறது என்பதுதான் விஷயம். விளக்கு மட்டும் என்றால் மெல்லிய ஒயர் போதும். இரண்டு தட்டு அடுப்பு என்றால் அது குடிக்கிற கரண்டே வேறு. கடையில் ‘செவன் தர்ட்டி சிக்ஸ்’ என்று கேட்கச் சொல். ஏழு இழைச் செம்பு. நடுவில் எங்கும் முடிச்சுப் போட்டு ஒட்டாமல், இங்கிருந்து அங்கே வரை ஒரே நீளமாக இருக்க வேண்டும்.

பட்டாளத்துக்காரன் சண்டை முடிந்து ஏலம் போடுகிற சரக்கு மூர் மார்க்கெட் பக்கம் குவிந்து கிடக்கிறதாம். அதன் பக்கமே போகவேண்டாம். எது எதற்குச் செய்தது என்று விற்கிறவனுக்கே தெரியாது.

போர்டில் பியூஸ் கம்பி மெல்லியதாகவே இருக்கட்டும். லைன் தாங்காதபோது முதலில் அது உருகிச் சாக வேண்டும். அதற்குத்தான் அதை வைத்திருக்கிறது. லைன் இழுப்பதற்கு முன் எனக்கு எழுது.

உன் தம்பி
ஆம்ப்ரோஸ்


சேசு மரி சூசை
சாந்தோம்
3 ஜூன் 1946

அன்புள்ள தம்பிக்கு,

ஆசீர்வாதம். சுகம், சுகத்துக்கு எழுது. வெயில் பொசுக்குகிறது. ஐரினுக்குக் கால் வீக்கம் கொஞ்சம் உண்டு, பயப்பட ஒன்றுமில்லை.

உன் கடிதத்தை டீச்சர் கொடுத்த அன்று காலையிலேயே மாமா ஒயரோடு வந்து இறங்கிவிட்டார். நல்ல கனமான ஒயர், பென்சில் தடிமன் இருக்கிறது. மேலே தார் பூசின துணி சுற்றியிருக்கிறது. மழையிலும் சேற்றிலும் கிடந்தாலும் ஒன்றும் ஆகாதாம். இப்போது கடைகளில் நல்ல ஒயர் வருவதே இல்லை என்கிறார், அதுவும் உண்மைதான். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், பார்த்துத்தானே வாங்கியிருப்பார்.

சுவரோரமாக மரக் கேசிங் அடித்து, அதற்குள் ஒயரை வைத்து மூடி, சுண்ணாம்பும் அடித்தாயிற்று. கேசிங் ஐரின் கட்டிலின் தலைமாட்டுக்கு மேலேதான் போகிறது. கரண்டு வந்துவிட்டது. பார்க்க அழகாக இருக்கிறது.

மீதித் துண்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. சும்மாதான் எடுத்து வைத்தேன்.

மர்சலின்


கோலார் தங்கவயல்
7 ஜூன் 1946

அக்கா,

தோத்திரம். சுகம்.

நீ எழுதியதில் எங்கே வாங்கினார் என்பதைக் காணோம். நீயே எழுதாமல் விட்டாய் என்றால் எனக்குப் புரிகிறது. பட்டாளத்துச் சரக்குதானே?

பயமுறுத்த எழுதவில்லை. அதில் நல்லதும் உண்டு. ஆனால் யுத்த களத்தில் டெலிபோன் பேச இழுக்கிற ஒயர் ஒன்று இருக்கிறது. அறுந்துபோகாமல் இருக்க அதற்குள் எஃகுக் கம்பியைத்தான் அதிகம் வைப்பார்கள், செம்பு பேருக்கு ஓர் இழை. பேச்சைக் கொண்டுபோக அது போதும். அடுப்புக் கரண்டு அதில் போனால் ஒயரே அடுப்பாகிவிடும்.

உன் தையல் பெட்டியில் ஊசி பொறுக்குகிற காந்தம் இருக்குமே. மீதித் துண்டைக் கத்தியால் சீவி, உள்ளே இருக்கிற இழைகளுக்குப் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோ. செம்பில் காந்தம் ஒட்டாது. எனக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. ஒட்டியதா, ஒட்டவில்லையா?

ஆம்ப்ரோஸ்


சேசு மரி சூசை
சாந்தோம்
30 ஜூன் 1946

அன்புள்ள தம்பிக்கு,

ஆசீர்வாதம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். தேவானை சுகமா? அவளுக்கு ஒரு ரவிக்கை தைத்து வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை திரு இருதயத் திருநாள். சாமியாரை அழைத்து, பின்கட்டில் சேசுவின் திரு இருதயப் படத்தை ஸ்தாபகம் பண்ணினோம். படத்துக்கு முன்னால் சின்னச் சிவப்பு பல்பு. குழந்தை பிறக்கிறவரை அதை அணைக்கவே கூடாது என்று ஐரின் நேர்ந்துகொண்டாள்.

வந்தவர்களுக்குக் காப்பி போட அடுப்பின் இரண்டு தட்டையும் ஏற்றினோம், விசிறியும் ஓடியது. பிரார்த்தனை நடுவில் பட்டென்று எல்லாம் நின்றுபோயிற்று. சிவப்பு விளக்கும்தான். ஐரின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, போயிடுச்சி, மறுபடியும் போயிடுச்சிம்மா” என்று அலறிய அலறலில் சாமியாரே புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டார். அவள் விளக்கைச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

மாமா முக்காலி போட்டு ஏறி பியூஸ் போட்டார். உடனே போயிற்று. மறுபடி போட்டார், மறுபடி போயிற்று. அப்புறம் உள்ளே போய் எதையோ எடுத்துவந்து கட்டினார். விளக்கு வந்தது. “இனிமே அணையவே அணையாது, போதுமா கண்ணு?” என்று ஐரின் தலையைத் தடவிக் கொடுத்தார். அவர் கண்ணில் தண்ணீரை நான் அன்றுதான் பார்த்தேன்.

அதிலிருந்து ஒரு தடவைகூட அணையவில்லை. இரண்டு தட்டும் எரிந்தாலும் ஒன்றும் ஆவதில்லை. ஐரின் நன்றாகத் தூங்குகிறாள்.

மர்சலின்


கோலார் தங்கவயல்
3 ஜூலை 1946

அக்கா,

அணையவில்லை என்று நீ சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். அணைந்துகொண்டிருந்தவரை ஒரு காவல் இருந்தது. மாமா கட்டியது என்ன கம்பி? அது உருகாது என்றால் இனி அந்த லைனில் உருகுவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று யோசித்துப் பார்.

காந்தத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை நீ. ஒட்டியதா?

பதில் வருகிறவரை அடுப்பு வேண்டாம். சிவப்பு பல்பு எரியட்டும், அதனால் கெடுதல் இல்லை. அடுப்பு மட்டும் வேண்டாம். கும்பிட்டுக் கேட்கிறேன்.

ஆம்ப்ரோஸ்


சேசு மரி சூசை
சாந்தோம்
8 ஜூலை 1946

தம்பி,

ஒட்டியது. உன் கடிதம் வந்த அன்றே பார்த்தேன். ஊசியைப் போல வந்து ஒட்டிக்கொண்டது. செம்பு இழை ஒன்றே ஒன்று தனியாக நின்றது. எழுதினால் அது நிஜமாகிவிடும் என்று பயந்தேன். எழுதாவிட்டால் பொய்யாகிவிடுமா? என் புத்தி அப்படி.

பியூஸில் அவர் கட்டியதும் அந்த ஒயரிலிருந்து உருவின கம்பிதான், இரண்டாக முறுக்கி.

அடுப்பு எரிந்து கொஞ்ச நேரமானால் கேசிங்கில் கை வைக்க முடியவில்லை. சாயங்காலம் ரப்பர் வாசனை வருகிறது. ஐரின், “யாரோ டயர் கொளுத்துறாங்கம்மா” என்கிறாள். நான் ஆமாம் என்று ஜன்னலைச் சாத்தினேன். அடுப்பை நான் நிறுத்தினால் அவர் போய் ஏற்றுகிறார், பிள்ளை குளிர்ந்த தண்ணீர் தொடக்கூடாதாம்.

நேற்று மெதுவாக ஆரம்பித்தேன். “ஒயர் சுடுதுன்னு ஃப்ளோரன்ஸ் டீச்சர் சொல்றாங்க.” அவர் பேப்பரை மடித்து வைத்தார். “டீச்சருக்கு ஒயரப் பத்தி இன்னா தெரியும்? உன் தம்பி எழுதினானா?” இல்லை என்று சொல்லிவிட்டேன். “அவன் சொல்லித்தான் என் வீட்ல விளக்கு எரியணுமா? என் பொண்ணுக்கு என் கையால போட்டது அது.”

கட்டிலையாவது நகர்த்தலாம் என்றால் படத்தைப் பார்த்தபடியே படுப்பேன் என்கிறாள் ஐரின். ஆகஸ்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் நீ ஏதாவது வழி சொல்லு. எனக்குப் பயமாயிருக்கிறது தம்பி. குடத்தில் தண்ணீர் நிரப்பி அவள் கட்டில் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

மர்சலின்


கோலார் தங்கவயல்
13 ஜூலை 1946

அக்கா,

தபால்காரர்கள் வேலைநிறுத்தம். தந்தி கொடுக்கப் போனேன். வாங்கினாலும் கொண்டு போய்க் கொடுக்க ஆள் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். என்னோடு வேலை செய்கிற வேம்பு சென்னைக்கு வருகிறான். இதை டீச்சர் கையில் கொடுக்கும்படி சத்தியம் வாங்கியிருக்கிறேன். உன் கைக்கு வருகிறதா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது.

நானே வந்திருப்பேன். எங்கள் பகுதியில் இரண்டு பேர் டைபாய்டில் படுத்திருக்கிறார்கள். ஆட்களைச் சுரங்கத்தில் இறக்கி ஏற்றுகிற மோட்டாருக்கு நான் ஒருவன்தான். நான் போனால் கீழே இருக்கிறவர்கள் கீழேயே இருக்க வேண்டியதுதான்.

குடத்துத் தண்ணீரை அப்புறப்படுத்து. கரண்டு நெருப்பில் தண்ணீர் ஊற்றினால் ஊற்றுகிறவரையே அடிக்கும். ஊற்றப்போவது நீதான் என்று எனக்குத் தெரியும்.

ரப்பர் வாசனை அதிகமானாலோ, சுவரில் சுண்ணாம்பு பழுப்பாக மாறினாலோ யாரையும் கேட்காதே. பின்கட்டு போர்டைத் தொடவேண்டாம். முன்வீட்டுக்கு ஓடி மெயின் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இழுத்துவிடு. கை ஈரமாக இருக்கக்கூடாது. சிவப்பு விளக்கும் அணையும். அணையட்டும் அக்கா. யார் அழுதாலும் அணையட்டும்.

யார் சொன்னது என்று மாமா கேட்டால் என் பெயரைச் சொல்லிவிடு. என் மேல் இருக்கிற கோபம் இன்னும் கொஞ்சம் கூடட்டும், எனக்குப் பழகிவிட்டது.

ஆம்ப்ரோஸ்


சேசு மரி சூசை
சாந்தோம்
19 ஜூலை 1946

தம்பி,

இதை ஹாஜிரா பீயின் தம்பி கரீமுல்லா கொண்டுவருகிறான். லாரியில் பெங்களூர் போகிறவன், உங்கள் ஊர் வழியாகப் போவதாகச் சொன்னான்.

ஐரினுக்குப் பெண் பிறந்திருக்கிறது. புதன்கிழமை, ஒரு மாதம் முன்னதாகவே. தாய்மாமன் உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். இப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மத்தியானம் வலி கண்டது. ஹாஜிரா பீ இரண்டு தட்டிலும் தவலையை ஏற்றிவிட்டாள். “பிஞ்சு கொளந்தை வரப்போவுது, வெந்நி வேணும், துணி சூடு பண்ணணும், அடுப்ப யாரும் தொடாதீங்கோ” என்றாள். மழை வரும்போல் இருட்டிக்கொண்டு வந்தது. ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. ஐரின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். நேரம் போகப் போக அந்த வாசனை. ஹாஜிரா பீ மூக்கைச் சுளித்து, “இன்னாம்மா இது, சொவுரு பக்கம் கருகுற நாத்தமா கீது?” என்றாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். ஐரின் தலைக்கு மேலே கேசிங் ஓரத்தில் சுண்ணாம்பு பழுப்பாகி, நான் பார்க்கப் பார்க்கவே கறுத்துக்கொண்டு போனது.

வேம்பு கொண்டுவந்த உன் கடிதம் முந்தின நாள்தான் கைக்கு வந்திருந்தது. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்வீட்டுக்கு ஓடினேன். கைப்பிடியைப் பிடித்துவிட்டு நின்றேன் தம்பி. இழுத்தால் விளக்குப் போகும், விளக்குப் போனால் பிள்ளை போகும் என்று என் மகள் நம்புகிறாள். எனக்கு மட்டும் அந்த நம்பிக்கை இல்லை என்று எப்படிச் சொல்வேன்? அடுப்பும் போகும், பிறக்கப்போவது குறைமாதக் குழந்தை. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன்.

பின்கட்டிலிருந்து அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மெழுகுவத்தி ஏற்றி, குமுட்டியில் கரி போட்டு, அந்த வெளிச்சத்தில்தான் குழந்தை பிறந்தது. முதலில் அழவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் நான் உயிரோடு இல்லை. பிறகு பூனைக்குட்டிபோல் ஒரு சத்தம்.

மாமா ஓடிவந்து, “எவ மெயினை இழுத்தது?” என்று கத்தினார். நான்தான், ஆம்ப்ரோஸ் சொன்னான், இவ்வளவு நாளும் அவனுக்கு எழுதிக்கொண்டுதான் இருந்தேன் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. ஏணியை எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் கேட்டதற்கு, “ஒயர் நல்லாத்தான் கீது, மேல கொஞ்சம் புகை” என்றார்.

அப்படியென்றால் நான் சும்மாவே அணைத்துவிட்டேனா? குழந்தை பால் குடிக்கத் திணறுகிறது. ஐரின் என்னிடம் பேசுவதில்லை. குழந்தையை என் கையில் கொடுப்பதும் இல்லை. “வெளக்க அணைச்சது நீதானேம்மா” என்று ஒரு தடவை சொன்னாள், அவ்வளவுதான். குழந்தைக்கு ஏதாவது ஆனால் நான் என்ன செய்வேன்?

மர்சலின்


சாந்தோம்
24 ஜூலை 1946

ஆம்ப்ரோசுக்கு,

பவுல்சாமி எழுதுவது. சுகம். உன் சுகத்தையும் உன் வீட்டில் சுகத்தையும் அறிய ஆவல். கரீமுல்லா மறுபடி வருகிறான் என்றதால் எழுதுகிறேன். குழந்தை நேற்றிலிருந்து நன்றாகப் பால் குடிக்கிறது.

அன்று கேசிங்கைப் பிரித்தேன். நடுவில் ஒயர் போதாமல் ஓரிடத்தில் ஒட்டுப் போட்டிருந்தேன். அது சரியாகக் கட்டில் தலைமாட்டுக்கு மேலே. அங்கே மரம் உட்புறம் முழுக்கக் கரியாகியிருந்தது. தொட்டதும் உதிர்ந்தது. ரப்பர் ஒழுகி, கம்பிகள் நிறம் மாறிக் கிடந்தன. வெளியே ஒரு விரல் அகலம்தான் கறுப்பு தெரிந்தது. அதன் நேர் கீழே கொசுவலை தொங்கிக்கொண்டிருந்தது.

லைனை முழுக்கக் கழற்றி எடுத்துவிட்டேன். படத்துக்கு எண்ணெய் விளக்கு வைத்திருக்கிறோம். கரியான பலகையைச் சாக்கில் சுற்றி மறைத்து வைத்திருக்கிறேன். மர்சலினிடம் ஒயர் நன்றாக இருந்தது என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஐரினிடமும் அப்படித்தான். பச்சை உடம்புக்காரி பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். அதுமட்டும் காரணமில்லை, உன்னிடம் மறைத்து என்ன பிரயோசனம். நான் போட்ட ஒயர்.

கரண்டே இல்லாத சுவரைக்கூட இப்போது தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். ஒன்றே ஒன்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அன்று சாயங்காலம் ஜெபம் முடிந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மர்சலின் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உள்ளதை எழுது.

புது லைனுக்கு எந்த ஒயர் என்பதை நீயே முடிவு பண்ணு.

பவுல்சாமி


கோலார் தங்கவயல்
26 ஜூலை 1946

அன்புள்ள மாமாவுக்கு,

ஆம்ப்ரோசின் தோத்திரம். தேவானையும் நமஸ்காரம் சொல்கிறாள். சுகம். கரீமுல்லாவை வாசலில் நிறுத்திவைத்துக்கொண்டு எழுதுகிறேன். டைபாய்டில் படுத்தவர்கள் வேலைக்கு வந்துவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை காலை ஒயரோடு நான் வருகிறேன். ஏழு இழைச் செம்பு, ஒட்டில்லாத ஒரே நீளம். தேவானையும் வருகிறாள். வரலாமா என்று கேட்கவில்லை, வருகிறோம்.

உள்ளதை எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். அந்த மரம் சாயங்கால ஜெபம் வரை தாங்கியிருக்காது. கரியான மரம் பிடிக்க ஒரு பொறி போதும். முதலில் கொசுவலை பிடித்திருக்கும். கட்டிலில் வலியோடு கிடந்தவள் எழுந்து ஓடியிருக்க முடியாது. ஹாஜிரா பீயும் அக்காவும் அவளை விட்டுவிட்டு ஓடியிருக்கமாட்டார்கள். எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள், எனக்கு எழுத வரவில்லை.

மாமா, நீங்கள் உங்கள் பிள்ளைக்காகச் செய்தீர்கள். அதை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் என் அக்கா, சும்மாவே விளக்கை அணைத்த பாவி என்று நினைத்துக்கொண்டு அந்த வீட்டில் நடமாடுகிறாள். பேத்தியைத் தொடக்கூட விடாமல் எட்டி நிற்கவைத்திருக்கிறார்கள். ஒரு பலகையைச் சாக்கில் சுற்றி ஒளித்துவைத்தால் அவள் எதைக் காட்டித் தன்னைக் காப்பாற்றிக்கொள்வாள்?

சனிக்கிழமை வரை காத்திருக்கவேண்டாம். அந்தப் பலகையை எடுத்துவந்து ஐரின் கட்டிலில் வையுங்கள். இந்தக் கடிதத்தை அக்கா கையில் கொடுத்து, ஐரின் பக்கத்தில் உட்காரவைத்து, சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவள் படித்து முடிக்கிறவரை குழந்தை அக்கா மடியில் இருக்கட்டும்.

தங்கள்
ஆம்ப்ரோஸ்